தற்கொலைத் தடுப்பு ஆய்வைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

செந்தூலிலிருந்து எழுதிய தங்கைக்கு வணக்கம். உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளங்கலை முடித்திருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் பெரியப்பா மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தீர்கள். அதற்குப்பின், தற்கொலைத் தடுப்பையும் சுகாதாரக் கல்வியையும் ஆராய்ந்து கற்பிக்கும் விரிவுரையாளராக வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறது. அப்பாவோ, "அப்படி ஒரு வேலை இருக்கிறதா, இருந்தால் சோறு போடுமா?" என்று கேட்கிறார். கோலாலம்பூரில் பொதுச் சுகாதாரம் கற்பிப்பதில் நீண்ட காலம் இருந்தவள் என்ற முறையில், அப்பாவின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஆனால் "தற்கொலைத் தடுப்புத் துறை" என்று பெயர்ப்பலகை மாட்டிய கதவு எதையும் தேடாதீர்கள். நம் நாட்டில் இந்த ஆய்வைச் செய்பவர்கள் மனநல மருத்துவம், சமூக மருத்துவம், மருத்துவ உளவியல், ஆலோசனைக் கல்வி, சமூகப் பணி, மருந்தியல் என்று வெவ்வேறு துறைகளின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம், செராசில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம், பினாங்கு மிண்டெனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம், சன்வேயில் உள்ள மோனாஷ் ஆகிய இடங்களில் ஆளைத் தேட வேண்டுமே தவிரத் துறையைத் தேடக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதாரக் கழகங்களின் கீழ் ஷா ஆலாம் செத்தியா ஆலாமில் இயங்கும் சுகாதார நடத்தை ஆய்வுக் கழகம் இருக்கிறது. மக்கள் ஏன் மருந்தை நிறுத்துகிறார்கள், ஏன் மருத்துவமனைக்குத் தாமதமாக வருகிறார்கள் என்பவற்றை ஆராய்வதே அதன் முழுநேர வேலை. சுகாதாரக் கல்வி அதிகாரி என்ற பதவியும் அமைச்சில் உண்டு. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் அதைத் தனித் தொழிலாகவே பட்டியலிட்டிருக்கிறது. அப்பாவுக்கு இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தில் பெயர் இருக்கும் வேலை என்றால் நம் அப்பாக்கள் சற்று இறங்கி வருவார்கள்.

இனி வேலை எப்படிப்பட்டது என்பதற்கு வருகிறேன். துயரத்தில் இருப்பவரின் எதிரே அமர்ந்து பேசுவதுதான் இந்த வேலை என்று நினைத்து வருகிற மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது ஆலோசகரின் பணி. அதற்கு 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும், அல்லது மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும். ஆய்வாளரின் பணி பெரும்பாலும் எண்ணுவதில் தொடங்குகிறது. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற ஒரு கேள்விக்கு நம் நாட்டில் இருக்கும் பதில்களைப் பாருங்கள். 2007இல் தேசியத் தற்கொலைப் பதிவேடு தொடங்கப்பட்டது. அதன் 2009 அறிக்கை, ஒரு லட்சம் பேருக்கு 1.18 என்ற விகிதத்தைத் தந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்கு மலேசியாவுக்குக் கணித்த விகிதமோ 5க்கும் 6க்கும் இடையில் நிற்கிறது. பத்தே ஆண்டில் நாடு இப்படி மாறிவிட்டது என்று எவரும் நம்பவில்லை. ஒரு சாவைத் தற்கொலை என்று பதிவதற்கு யார் துணிகிறார், யார் தயங்குகிறார் என்பதுதான் இந்த இடைவெளியின் பெரும்பகுதி.

இதை வெகு முன்பே சுட்டிக்காட்டியவர் நம்மிடையே இருந்த ஒருவர் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் டி. மணியம், கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் பற்றி 1988இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் எழுதினார். இந்தியர்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக அந்தக் கணக்கில் இருந்தார்கள். பிறகு 1995இல், 1966 முதல் 1990 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து, 'காரணம் உறுதிசெய்யப்படாத வன்சாவு' என்ற பெட்டிக்குள் தற்கொலைகள் போய்ச் சேருவதைக் காட்டினார். புதிய கருவி எதுவும் இல்லாமல், பழைய இறப்புப் பதிவுகளைப் பொறுமையாகப் பிரித்துப் படித்ததில் கிடைத்த முடிவு இது. உங்களுக்கு இப்படிப்பட்ட வேலையில் மனம் ஒட்டுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டாது என்றால் தவறில்லை. ஆலோசகர் ஆகுங்கள், நாட்டுக்கு அதுவும் தேவை.

சுகாதாரக் கல்விப் பகுதி இன்னும் சுவையானது, ஏனென்றால் இங்கே நல்லெண்ணம் தோற்றுப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளிகளில் தற்கொலைத் தடுப்பு என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் மாணவர்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான். ஐரோப்பாவில் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கும் அதிகமான மாணவர்களைக் கொண்டு டனூட்டா வாசர்மன் குழுவினர் இதைச் சோதித்து 2015இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஒரு பிரிவில் மாணவர்களை வினாத்தாள் வழி சலித்து வல்லுநரிடம் அனுப்புதல். இன்னொரு பிரிவில் மாணவர்களுக்கே நேரடியாக, நடித்துப் பார்த்தும் பேசியும் கற்கும் சில மணிநேர வகுப்புகள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஒப்பீட்டுப் பிரிவைவிட முயற்சிகளும் கடுமையான தற்கொலை எண்ணங்களும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது அந்த மூன்றாவது பிரிவில் மட்டும்தான். மண்டபத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்து ஒரு மணிநேரம் உரையாற்றிவிட்டு, நினைவுப் பரிசு வாங்கிக்கொண்டு, குழுப்படம் எடுத்துப் போடும் நம் ஊர் 'விழிப்புணர்வு நிகழ்ச்சி'களை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இன்னொரு எடுத்துக்காட்டு நமக்கு மொழியாலும் மண்ணாலும் நெருக்கமானது. சென்னையில் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்தார். 2013இல் வெளிவந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 ஊர்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துச் செய்த பெரிய சோதனை 2017இல் வெளிவந்தபோது, பயன் எதுவும் தெரியவில்லை. பெட்டி ஊருக்குப் பொதுவானதா, வீட்டுக்குள் இருப்பதா என்பது வேறுபாட்டை உண்டாக்கியதா, அல்லது சில ஊர்களில் மட்டும் செய்த ஆய்வு நம்மை ஏமாற்றியதா? இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பதற்குத்தான் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது. அதே இலங்கையில் மிகக் கொடிய மருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தபின், 1995 வாக்கில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்தது பிற்பாடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த ஒரு களைக்கொல்லியும் 2020 ஜனவரி முதல் இங்கே தடைசெய்யப்பட்டுவிட்டது. பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தினரும் பெண்கள் உரிமை அமைப்பான தெனகனித்தாவும் பல ஆண்டுகள் அதற்காகக் குரல் கொடுத்தார்கள். அந்தத் தடை தோட்டப்புற இறப்புகளை எந்த அளவுக்குக் குறைத்தது என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி. மருந்தின் பெயரை நான் எழுதாமல் விட்டது மறதியால் அன்று. வழிமுறையை விவரிக்காமல் எழுதுவது இத்துறையில் முதல் நாளே பழக வேண்டிய ஒழுக்கம்.

உங்களிடம் இருப்பதும் மற்றவர்களிடம் அரிதாக இருப்பதுமான ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்: தமிழ். உணர்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை; இது அளவைக் கருவி பற்றிய விஷயம். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வி வினாத்தாளின் கடைசிக் கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் தானே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. இதைத் தமிழில் எப்படிக் கேட்பீர்கள்? நம் வீடுகளில் "செத்துப்போலாம் போல இருக்கு" என்பது சட்டி கருகினாலும் வரும் சொல். "மனசு வெறுத்துப் போச்சு" என்பது சில வேளைகளில் வெறும் சலிப்பு. சில வேளைகளில், அதுவும் குரலைத் தாழ்த்தி ஒரு வயதான ஆண் சொல்லும்போது, அதைவிட ஆபத்தான வாக்கியம் வேறில்லை. நடந்துவிட்ட சாவைப் பற்றிப் பேசும்போதோ, நம்மவர்கள் 'தற்கொலை' என்ற சொல்லைத் தவிர்த்து, எப்படி இறந்தார் என்ற செய்கையையே பெயராக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அச்சிட்ட வினாத்தாளில் இருக்கும் செந்தமிழ்ச் சொல் அவர்கள் காதில் காவல்நிலையச் சொல்லாகவே விழும். மொழிபெயர்த்து, மீண்டும் மூலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் வழக்கமான முறை இந்த வேறுபாடுகளைப் பிடிப்பதில்லை. பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, "இந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று ஒவ்வொரு சொல்லாக விசாரிக்க வேண்டும். பட்டர்வொர்த்தில் ஒரு பாட்டியிடமும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு லாரி ஓட்டுநரிடமும் அதைச் செய்யக்கூடியவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் மிகக் குறைவு.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது; இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் தங்கள் துயரத்தை மலாயும் தமிழும் ஆங்கிலமும் கலந்த மொழியில்தான் பேசுகிறார்கள். 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், தற்கொலை எண்ணம் இருந்ததாகச் சொன்னவர்கள் 2017இல் 10 விழுக்காடு, 2022இல் 13.1 விழுக்காடு. அந்தப் பிள்ளைகளை ஆராய விரும்பினால் உங்கள் மலாய் நன்றாக இருக்க வேண்டும். தமிழ் உங்களுக்குக் கைகொடுப்பது அவர்களுடைய பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும்தான்: "பைத்தியமா, தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவா?" என்று அங்குள்ள மனநல மருத்துவமனையைச் சொல்லிப் பிள்ளையின் வாயை அடைக்கும் வீட்டில், அந்த வாக்கியத்துக்குப் பதிலாக வேறென்ன சொல்லலாம் என்பதைக் கற்பிக்கும் இடத்தில். 2019 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சுகாதார எழுத்தறிவு குறைவு. மின்னல் எஃப்எம் தமிழ் வானொலியில் வரும் ஐந்து நிமிடப் பேச்சு அவர்களுக்குப் புரிகிறதா, புரிந்தபின் வீட்டில் ஏதாவது மாறுகிறதா என்பதை முறையாக அளந்து பார்க்கும் ஆய்வு உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு தற்கொலை முயற்சியை ஓராண்டுச் சிறை வரை விதிக்கக்கூடிய குற்றமாக வைத்திருந்தது. 2023இல்தான் அது நீக்கப்பட்டது. இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்திலும் இதே எண்தான். வெள்ளைக்காரன் எல்லாருக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனான், இலங்கை 1998இலேயே அதைக் கழற்றிவிட்டது. ஆய்வாளருக்கு இதன் பொருள், நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்களிடம் உண்மையைச் சொன்னவர் சட்டப்படி ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பது. அந்தப் பயம் பிரிவோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. இன்னும் ஒரு தலைமுறைக்காவது இருக்கும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்க ஐந்தாறு மாதம் ஆனாலும் வியக்காதீர்கள். பள்ளி என்றால் கல்வி அமைச்சின் அனுமதியும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். "நீங்கள் தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நீங்களே விதைத்ததாகாதா?" என்று குழுவில் யாராவது கேட்பார்கள், கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, அவற்றை இணைத்துக் கொடுங்கள். அதைவிட முக்கியமான கேள்வியை அவர்கள் கேட்காமல் விட்டாலும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒருவர் 'ஆம்' என்று குறித்துவிட்டால், அன்று மாலைக்குள் அவரை யார் அழைப்பார்? பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், மாணவர்கள் நிரப்பிய தாள்கள் மூன்று வாரம் அட்டைப்பெட்டியில் கிடந்தன. எண்களைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்த ஆராய்ச்சி உதவியாளர்தான் அந்த 'ஆம்' குறியை முதலில் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு நல்வாய்ப்பாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த உதவியாளர் இத்துறையை விட்டே போய்விட்டார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அதிலிருந்து என் மாணவர் எவரானாலும், தாள் அன்றே திறக்கப்படும், அழைப்பவரின் பெயரும் எண்ணும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் என்ற ஏற்பாடு இல்லாமல் களத்துக்குப் போவதில்லை.

உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இழப்பு உங்களை இத்துறைக்குத் தகுதியற்றவராக்காது. இழந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பலமுறை எங்கள் கேள்விகளைவிடக் கூர்மையாக இருந்திருக்கின்றன. ஆனால் நாள்தோறும் இறப்பு அறிக்கைகளை வாசிக்கும் வேலையில், ஏதோ ஒரு பிற்பகலில் அவருடைய வயதும் அவருடைய ஊரும் கொண்ட ஒரு தாள் உங்கள் கைக்கு வரும். அதனால் முதல் ஆய்வுத் தலைப்பாக உங்கள் குடும்பத்தில் நடந்ததற்கு மிக நெருக்கமானதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதியோரைப் பற்றியோ செய்தித்தாள்கள் எழுதும் முறையைப் பற்றியோ தொடங்குங்கள். இதை எழுதும்போதோ படிக்கும்போதோ மனம் கனத்தால், துயரத்தில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் தன்னார்வ அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 எண்ணில் தமிழிலும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. துறைக்குள் இருக்கும் நாங்களும் இவற்றை அழைத்திருக்கிறோம்.

இப்போது சோறு. வழக்கமான பாதை இப்படி இருக்கும்: ஓராண்டு ஈராண்டு ஆராய்ச்சி உதவியாளர், பிறகு ஆய்வு வழி முதுகலை அல்லது பொதுச் சுகாதார முதுகலை, பிறகு மூன்று நான்கு ஆண்டு முனைவர் பட்டம், அதன்பின் முதுநிலை விரிவுரையாளர். சில பல்கலைக்கழகங்களின் பொதுச் சுகாதாரப் படிப்பில் மருத்துவப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை என்பதால், கட்டணம் கட்டுமுன் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உதவியாளர் வேலை மானியத்தோடு பிறந்து மானியத்தோடு சாகும்; உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத்தில் ஒரு திட்டம் முடிந்து அடுத்தது கிடைக்காவிட்டால் நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். நிரந்தரப் பணியிடங்கள் குறைந்து ஒப்பந்தப் பணிகள் கூடிவருவதையும் மறைக்க மாட்டேன். விரிவுரையாளரான பிறகும், மாணவர் மதிப்பீடும் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற இலக்கும் துரத்தும். தமிழ் நாளிதழில் நீங்கள் எழுதும் நல்ல கட்டுரை அந்தக் கணக்கில் சேராது, அது எனக்கு இன்றும் கசப்புதான். அப்பாவிடம் சொல்ல வேண்டியது, முதல் ஐந்து ஆறு ஆண்டு இறுக்கமாகத்தான் இருக்கும் என்பதும், இந்தப் பயிற்சி வீணாகாது என்பதும்தான்: புள்ளியியலும் கணக்கெடுப்பு வடிவமைப்பும் தெரிந்தவருக்குச் சுகாதார அமைச்சிலும் அறநிறுவனங்களிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் கூட இடம் உண்டு.

எனவே முதுகலைக்கு விண்ணப்பிப்பதற்குமுன் புள்ளியியலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். உளவியல் பட்டத்தில் தேறுவதற்காகப் படித்தது போதாது. 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் நீங்களே ஒரு தரவைச் சுத்தம் செய்து, ஒன்று மற்றொன்றோடு எவ்வளவு தொடர்புடையது என்று கணிக்கும் பின்னடைவுப் பகுப்பாய்வு ஒன்றை ஓட்டி, அதன் முடிவை உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரிய வேண்டும். கூடவே பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வலர் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். பினாங்கிலும் கிளை உண்டு. கேட்கும் பயிற்சி இல்லாதவர் எழுதும் நேர்காணல் கேள்விகளில் எப்போதும் ஓர் அவசரம் தெரியும்.

நெறியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் "எனக்கு இத்துறையில் பேரார்வம்" என்று தொடங்காதீர்கள். வாரத்துக்கு அப்படி நான்கைந்து வரும். 2008இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், முயற்சிக்குப்பின் கொண்டுவரப்பட்ட 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரு மணிநேரம் விளக்கம் கொடுத்து, ஒன்றரை ஆண்டில் ஒன்பது முறை நலம் விசாரித்தார்கள், அவ்வளவுதான் செய்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காடு. அந்தக் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அந்த ஒன்பது அழைப்புகளை நம் அரசு மருத்துவமனை ஒன்றில் யார், எந்த மொழியில், எந்த நேரத்தில் செய்ய முடியும், இடையில் எண் மாறிவிட்டவர்களை எப்படித் தேடுவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, அதை மின்னஞ்சலோடு இணைத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை எழுதலாம். அதை யாரும் தொல்லை என்று நினைக்க மாட்டார்கள்.